அறுபதில் வெட்டும் வண்டி

“மலை ஏறும்போது ஒண்ணுமே இல்லீங்க. மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வளைவெல்லாம் நல்லாத்தான் இழுக்குது. இங்க வந்து பைபாஸ்ல அறுபதுல விட்டாத்தான் லேசா வெட்டுது.” கோயம்புத்தூரில் பெட்ரோல் கார்களுக்கு வேலை செய்யும் எவரும் இந்தப் புகாரை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். சொல்பவர் சற்றுத் தயங்கியே சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு அது தெரிந்தே இருக்காது. வேறொரு பட்டறையில் சொல்லி, “வண்டி நல்லாத்தான் இருக்குது, உங்களுக்குத்தான் அப்படித் தோணுது” என்ற பதிலை வாங்கிக்கொண்டும் வந்திருப்பார்.

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. தினமும் ஓட்டுகிறவரின் பாதமும் முதுகும் அறிகிற அளவுக்கு அந்த வண்டியை மெக்கானிக் அறியமாட்டான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், நொடிக்கு 66 முறை உள்ளே எரிகிறது. அதில் ஒன்றிரண்டு எரியாமல் போனால், வேகம் எடுக்கும்போது அந்த இழுப்பிலேயே மறைந்துவிடும். ஒரே வேகத்தில் அமைதியாகப் போகும்போது மட்டும் சின்ன உதறலாகத் தெரியும்.

எனக்கு இந்தப் புகாரில் பிடித்ததே அதன் துல்லியம். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னால் எங்கிருந்தும் தொடங்கலாம். சமமான வேகத்தில் மட்டும், லேசாக, எஞ்சின் சூடான பிறகு வெட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். ஆனாலும் இந்தப் புகாருக்குத்தான் அதிகமான சாமான் தேவையில்லாமல் மாற்றப்படுகிறது. நான்கு பிளக், பிறகு காயில், பிறகு பெட்ரோல் பம்ப், பிறகு இன்ஜெக்டர் கிளீனிங். பணம் போய்விடும், வெட்டு அப்படியே இருக்கும்.

சமவேகம் எஞ்சினுக்கு ஓய்வு என்று பலரும் நினைக்கிறார்கள். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அது ஓய்வுதான். எரிப்புக்கு அது சிரமமான நேரம். சமதளச் சாலையில் சின்ன கார் ஒன்று 60 கிலோமீட்டர் வேகத்தில் போக பத்துக் குதிரைத் திறன்கூட வேண்டாம். எண்பது குதிரைத் திறன் கொண்ட எஞ்சின் அதில் சிறு பங்கைத்தான் கொடுக்கிறது. அதனால் காற்று போகும் வழியில் உள்ள திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் குறைவு; முந்தைய எரிப்பில் மிஞ்சிய புகையின் பங்கு அதிகம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சிக்கனத்துக்காக இந்த நேரத்தில் காற்றை 15, 16 வரை கூட்டி வைத்தார்கள். இப்படி நீர்த்த கலவையில் தீப்பொறி வைப்பது ஈர விறகைப் பற்றவைப்பது போன்றது. பொறி பிறந்தால் மட்டும் போதாது, கொஞ்ச நேரம் நின்று எரியவும் வேண்டும்.

மலை ஏறும்போது கதை வேறு. ஆக்சிலேட்டரை அமுக்கியதும் சிலிண்டர் நிறையக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல். அழுத்தம் கூடுவதால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஆனால் தாண்டிவிட்டால் பற்றிக்கொள்ளும். ஏற்றத்தில் மிஸ் அடித்தால், அதாவது எரிப்பு தவறினால், நான் முதலில் காயிலையும் பிளக்கையும் சந்தேகிப்பேன். ஏற்றத்தில் நன்றாக இழுத்துவிட்டு, சமதளத்தில் மிஸ் அடித்தால், கலவையைச் சந்தேகிப்பேன். அதோடு, அந்த நேரத்தில் மட்டும் எஞ்சினில் என்னென்ன வேலை செய்கிறது என்று யோசிப்பேன்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் மேஸ்திரி. 1980-களில் நான் தொழில் பழகியபோது பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் அம்பாசிடரும் பத்மினியும். ஒரு மில்லுக்குச் சொந்தமான அம்பாசிடர் வந்தது. டாப் கியரில் சமமாக விட்டால் வெட்டுகிறது, ரேஸ் கொடுத்தால் சரியாகிறது என்று டிரைவர் சொன்னார். பாயின்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் வேறிடத்தில் மாற்றியாகிவிட்டது. மேஸ்திரி எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கார்புரேட்டர் பக்கம் உருவி, வாயில் வைத்து உறிஞ்சினார். எஞ்சின் தடுமாறியது. மூச்சை விட்டார், சீராக ஓடியது. மறுபடி உறிஞ்சினார், மறுபடி தடுமாறியது.

“அப்ப மட்டும் உள்ள என்ன அசையுதுன்னு பாருடா” என்று சொல்லி, மூடியைத் திறந்து காட்டினார். அந்தக் குழாயின் உறிஞ்சல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தகட்டைச் சற்றுத் திருப்பி, பொறி பிறக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவரும். நல்ல வண்டியில் உறிஞ்சினால் எஞ்சின் வேகம் கூட வேண்டும். அந்தக் குழாயின் துளை கார்புரேட்டரில் திராட்டில் தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். ஸ்லோவில் அங்கே உறிஞ்சல் இல்லை. ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்கினாலும் உறிஞ்சல் போய்விடும். லேசாக மிதித்துச் சமமாக ஓட்டும்போதுதான் பலமாக இழுக்கும். பாயின்டுக்குப் போகும் சின்ன ஒயர் அந்தத் தகட்டோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் முன்னும் பின்னும் ஆடி, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. மேலுறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் முழு ஒயர். தகடு திரும்பும்போது இழைகள் பிரியும், திரும்பி வந்தால் ஒட்டும். பல மெல்லிய இழைகள் கொண்ட, நன்றாக வளையும் ஒயர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். வேலை முடிந்தது. எந்த வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வயதானால் வரக்கூடிய தேய்மானம் அது.

டிஸ்ட்ரிபியூட்டர் இன்று இல்லை. 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-ல் ஈயமில்லாத பெட்ரோல் நாடு முழுவதும் வந்தது. அதை ஒட்டி, இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகும் எம்பிஎஃப்ஐ எஞ்சின்கள் வந்து, கார்புரேட்டரை ஓரம் கட்டின. மேஸ்திரியின் கேள்விக்கு மட்டும் வயதாகவில்லை. சொல்லப்போனால், சமவேகத்தில் மட்டும் இயங்கும் உறுப்புகள் இன்றைய எஞ்சினில்தான் அதிகம். ஈஜிஆர் வால்வு உள்ள எஞ்சினில், அது புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்புவது இந்த நேரத்தில்தான். ஸ்லோவிலும் முழு மிதியிலும் அது மூடியிருக்கும். பெட்ரோல் டேங்கின் ஆவியைப் பிடித்து வைத்திருக்கும் கரி டப்பாவை எஞ்சின் உறிஞ்சிச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் சூடான பிறகு, சமமாக ஓடும்போதுதான். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் கலவையை நொடிக்கு நொடி திருத்துவதும் அப்போது நடக்கும். முழு மிதியில் சென்சாரின் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும்.

ஆகவே, நான் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்ப்பதில்லை. சொந்தக்காரரே ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்காருவேன். என் கால் அவர் கால் அல்ல. நான் மிதித்தால் வராத வெட்டு அவர் மிதித்தால் வரும். நீலம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸ் இதற்கு வசதி. வெட்டு வரும் வேகத்திலேயே வைக்கச் சொல்வேன். பிறகு காலை மயிரிழை அதிகமாக அமுக்கச் சொல்வேன். அதே வேகத்தில் நான்காம் கியர் போடச் சொல்வேன். ஏசியை அணைத்துப் போடச் சொல்வேன். ஐந்தாம் கியரில் வந்தது நான்காம் கியரில் வராவிட்டால் ஒரு பாதை, ஏசி போட்டதும் மறைந்தால் இன்னொரு பாதை. ஸ்கேனரை மடியில் வைத்திருப்பேன். ஆனால் கண் முதலில் ஸ்கேனரில் இருக்காது. முதுகில் வெட்டு தெரிந்த பிறகுதான் எண்களைப் பார்ப்பேன்.

பொள்ளாச்சியிலிருந்து தினமும் கோவைக்கு வந்துபோகும் கல்லூரிப் பேராசிரியை ஒருவரின் கார் இப்படித்தான் வந்தது. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் புதிது. திராட்டில் பாடி சுத்தம் செய்யப்பட்டிருந்தது. ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. அவர் பில்களை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது, “திங்கக்கிழமை ரொம்ப இருக்குங்ணா. வெள்ளிக்கிழமை ஆகறப்ப குறைஞ்சுடுது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க” என்றார்.

நான் நம்பினேன். வண்டிக்குக் கிழமை தெரியாது. ஆனால் ஓட்டுகிறவர் வாரம் முழுதும் அதை ஒரே மாதிரி நடத்துவதில்லை.

“ஞாயித்துக்கிழமை வண்டிய என்ன பண்றீங்க மேடம்?”

“ஒண்ணும் இல்லீங்ணா. சாயங்காலம் பெட்ரோல் ஃபுல் பண்ணி வச்சுக்குவேன்.”

“ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடுவாங்களா?”

“இல்லீங்க, ரவுண்டு பண்ணிப் போடச் சொல்லுவேன். சில்லறைப் பிரச்சினை இருக்காதுல்ல.”

அடுத்த திங்கட்கிழமை காலையில் அப்படியே வரச் சொன்னேன். பைபாஸில் அறுபதைத் தாண்டியதும் வெட்டு வந்தது. ஸ்கேனரில் பெட்ரோல் திருத்தத்தின் அளவைப் பார்த்தேன். நல்ல எஞ்சினில் அது பூச்சியத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து சதவீதத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும். இவர் வண்டியில், கரி டப்பாவை உறிஞ்சும் வால்வு திறந்த ஒவ்வொரு முறையும் அது மைனஸ் இருபதைத் தாண்டி இறங்கியது. எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் வருகிறது, கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் குறைத்துப் பார்க்கிறது, வால்வு மூடியதும் குறைத்தது அதிகமாகிப் பெட்ரோல் போதாமல் போகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அவர் முதுகு வெட்டாக உணர்ந்தது. ஆக்சிலேட்டரை அமுக்கினால் உள்ளே போகும் காற்று கூடி, அந்த ஆவியின் பங்கு சொற்பமாகிவிடும். இப்படிப்பட்ட வெட்டு மலையில் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

வண்டியை ஓரம் கட்டி, எஞ்சின் ஆறிய பிறகு, அந்த வால்வின் ஹோஸை ஒரு கிளிப்பால் இறுக்கினேன். மறுபடி ஓட்டினார். வெட்டு இல்லை. கிளிப்பை எடுத்தோம். வந்தது. இந்தச் சோதனைக்கு ஆன செலவு எதுவுமில்லை. பட்டறைக்கு வந்து கரி டப்பாவைக் கழற்றிக் கையில் எடுத்தபோதே கனம் தெரிந்தது. சாய்த்தால் பெட்ரோல் வடிந்தது. அந்த டப்பா ஆவியைப் பிடிப்பதற்கு. பெட்ரோலையே குடிப்பதற்கு அல்ல. பெட்ரோல் பங்கில் நாசில் தானாக நின்ற பிறகும் போட்டுக்கொண்டே போனால், டேங்கில் ஆவிக்கென்று விட்டிருக்கும் இடம் நிரம்பி, பெட்ரோல் குழாய் வழியாகக் கரிக்குள் இறங்கும். வாரத்தின் தொடக்கத்தில் அதிகம், ஓட ஓடக் குறைந்து வெள்ளிக்கிழமை ஓரளவு காய்ந்துவிடும். பேராசிரியை சொன்ன கிழமைக் கணக்கு அப்படியே சரியாக இருந்தது. ஊறிப்போன கரி பழைய நிலைக்கு வராது. டப்பாவை மாற்றினோம். ரவுண்டு பண்ணிப் போடும் பழக்கத்தையும் அவர் விட்டார்.

எல்லா வண்டிகளிலும் காரணம் இதுவாக இருக்காது. அதிகம் வருவது என்று பார்த்தால், இன்டேக் பக்கத்தில் எங்கோ விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸ்தான். கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அப்போது திருத்தம் பிளஸ் பக்கம் ஏறி நிற்கும். ஸ்லோவில் மிக அதிகம், வேகம் கூடக் கூடக் குறைவு என்றிருந்தால் காற்றுக் கசிவு என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம். வேகம் கூடும்போது திருத்தமும் கூடினால் பெட்ரோல் வரத்தில் குறை. பம்பையும் ஃபில்டரையும் அப்போது பார்த்தால் போதும்.

ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் மிஸ் என்று ஸ்கேனர் காட்டினால் வேலை இன்னும் எளிது. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். இரண்டின் காயிலை மூன்றுக்கும், மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மிஸ் மூன்றாவதுக்கு நகர்ந்தால் காயில் போயிருக்கிறது. நகராவிட்டால் அடுத்து பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர், எல்லாவற்றையும் இப்படியே இடம் மாற்றிப் பார்க்கலாம். புதிதாக ஒரு ரூபாய்ச் சாமானும் வாங்க வேண்டாம். பிளக்கைக் கழற்றினால் முனையை மட்டும் பார்க்காமல் வெள்ளைப் பீங்கானையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டதுபோல் மேலிருந்து கீழே கருப்பாக ஒரு இழை ஓடினால், பொறி உள்ளே போகாமல் வெளிப்பக்கமாகவே இறங்குகிறது. சாக்கெட்டைச் சாய்த்துப் போட்டு இறுக்கியதால் பீங்கானில் விழும் மயிரிழைக் கீறலும் இதற்குக் காரணமாகும். புது பிளக்கிலும் அப்படிக் கண்டிருக்கிறேன்.

சிஎன்ஜி டாக்சிகளில் பெட்ரோலில் ஓடினால் மிஸ் இல்லை, கேஸில் மட்டும் மிஸ் என்று வரும். கேஸ் கலவையைப் பற்றவைக்க வோல்டேஜ் அதிகம் வேண்டும். தேய்ந்து விரிந்த பிளக் இடைவெளி பெட்ரோலில் சமாளிக்கும், கேஸில் காட்டிக் கொடுக்கும். பிளக்கை மாற்றி, அந்த எஞ்சினுக்குக் கேஸில் சொல்லப்பட்ட குறைந்த இடைவெளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் வால்வு கிளியரன்ஸைப் பார்க்க வேண்டும்.

பழைய கார்புரேட்டர் கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் இப்போது ஒரு புதிய காரணத்தைச் சந்திக்கிறார்கள். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக வந்துவிட்டது. ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும். கார்புரேட்டரின் அளவு மாறாத ஜெட் துளை வழியாக இந்தப் பெட்ரோல் போனால், காற்று தேவைக்கு மேல் ஆகிவிடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. ஏற்கெனவே நீர்த்திருக்கும் சமவேகக் கலவையில்தான் இது முதலில் வெட்டாகத் தெரியும். நான் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பார்ப்பேன். பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவேன். பழைய ரப்பர் அதில் ஊறிக் கரைந்து ஜெட்டை அடைத்தால் இன்னொரு வெட்டு தொடங்கும்.

எஞ்சினே காரணம் இல்லாத வெட்டும் உண்டு. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கார்களில் சமவேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். கியர் ஆயில் கெட்டுப்போனால் அந்தக் கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு அது அச்சாக மிஸ்ஃபயர் மாதிரியே இருக்கும். பின்னால் வண்டி இல்லாத இடத்தில், வலது கால் ஆக்சிலேட்டரில் அப்படியே இருக்க, இடது காலால் பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் பெடலைத் தொடச் செய்வேன். அந்த சிக்னல் வந்ததும் கிளட்ச் விடுபடும். உதறல் அந்தக் கணமே நின்றால் பிளக்கைத் தொட வேண்டிய வேலையே இல்லை. பட்டறைப் பையன்களுக்கு இதை நான் முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். ஏனென்றால் இங்கே தவறாக மாற்றப்படும் காயில்கள் விலை உயர்ந்தவை.

லேசான வெட்டுதானே என்று ஓட்டிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு சூடேறி உருகினால் வழி அடைபடும், பிறகு வண்டி இழுக்கவே இழுக்காது. அதன் விலையில் நூறு பிளக் வாங்கலாம். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்கு ஓட்டி வரலாம். விட்டு விட்டு மின்னினால் அந்த மிஸ் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். ஓரம் கட்டிவிட்டு போன் செய்யுங்கள்.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டு எந்த வேகத்தில், எந்த கியரில், எஞ்சின் ஆறியிருக்கும்போதா சூடான பிறகா, ஏசி போட்டா போடாமலா, பெட்ரோல் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டறைக்கு வரும் முன் பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள், பிழைக் குறியீட்டை அழிக்கச் சொல்லாதீர்கள். கம்ப்யூட்டர் சேர்த்து வைத்த திருத்தக் கணக்கு அத்தோடு போய்விடும். வெட்டு வரும் சாலையில் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். அதற்கு நேரமில்லை என்று சொல்லி முதலில் பிளக்கை மாற்றலாம் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.